மேல் ஈறில் ஒரு குருணை

காரைக்குடியில் எங்கள் வீடு. கண்டனூரில் என் தாய்மாமன் வீடு. பஸ் ஏறி உட்கார்ந்து, போட்ட வெற்றிலையைத் துப்புவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் எனக்கு நினைவு தெரிந்து வெகு காலம் நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் என் முகத்தைப் பார்த்ததெல்லாம் நான் கைக்குழந்தையாக இருந்தபோது, சில நாள்தான். சண்டை எதுவும் கிடையாது. சொத்துத் தகராறு என்றால்கூடச் சொல்லிக்கொள்ள ஒரு கௌரவம் இருக்கும். இங்கே காரணம் என் பல்.

குழந்தைக்குக் கீழ்ப்பல் முதலில் முளைத்தால் நல்லது, மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது. எங்கள் பக்கத்தில் இதை நம்பாத வீடு அப்போது இல்லை. எந்த ஊரில் எந்த மாமன் அப்படிச் செத்தான் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் வீட்டில் குழந்தை வாயைத் திறந்தால் எல்லாரும் முதலில் கீழ் ஈறைத்தான் தடவிப் பார்ப்பார்கள்.

அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் அந்த ஒரு தம்பிதான். தாய் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டது, உளி பிடிக்க என் அப்பாவிடம் சேர்த்துவிட்டது, பெண் பார்த்துக் கட்டிவைத்தது எல்லாம் அவள்தான். எங்களுடையது தச்சர் குடும்பம். அப்பாவும் மாமாவும் செட்டியார் வீடுகளில் கதவு, ஜன்னல், தூண் பழுது பார்க்கப் போகிறவர்கள். அம்மாவுக்குக் கல்யாணமாகி வெகு வருஷம் குழந்தை இல்லை. இனி இல்லை என்று ஊர் முடிவு கட்டிய பிறகு நான் பிறந்தேன். பிரசவத்துக்கு அம்மா கண்டனூருக்குத்தான் போனாள். மாமாவுக்கு அப்போது கல்யாணமாகிச் சில மாதம் ஆகியிருந்தது.

குழந்தைக்குக் காப்புப் போடுகிற நாள். வெள்ளிக் காப்பு வாங்கிவந்து போடவேண்டியது தாய்மாமன். மாமா என்னை மடியில் வாங்கி, கையிலும் காலிலும் காப்பைப் போட்டுவிட்டு, சீனித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாராம். நான் வாயைப் பிளந்து அழுதேனாம். மேல் ஈறில் வெள்ளையாக ஒன்று, நொய்யரிசிக் குருணை ஒட்டியிருப்பதுபோல. அவர் முதலில் சீனி என்று நினைத்து விரலால் துடைத்திருக்கிறார். அது வரவில்லை.

"அக்கா, இது என்ன?" என்றாராம். அவ்வளவுதான் கேட்டார். குழந்தையை அம்மா மடியில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

பல் முளைக்கிற வயசே இல்லை. பச்சைக் குழந்தைக்குப் பல், அதுவும் மேலே. அத்தை புதுப்பெண், அவள் கழுத்துத் தாலி இன்னும் மஞ்சள் மங்காமல் இருந்தது. அவள் அழுதாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரவேண்டும் என்று பல தடவை முயன்று பார்த்திருக்கிறேன். அம்மா அந்த வாரமே என்னைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்கு வந்துவிட்டாள்.

சில வாரம் கழித்து அந்தக் குருணை காணாமல் போய்விட்டது. அம்மா சந்தோஷமாக ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். அங்கிருந்து வந்த பதில், "வெளிய நிக்கிற பல்லக் கண்ணால பாக்கலாம். உள்ள போன பல்ல யாரு பாக்குறது?" என்று இருந்தது. எட்டு மாதத்தில் எனக்கு எல்லாக் குழந்தைகளையும்போலக் கீழ்ப்பல் இரண்டு வந்தது. பால் புகட்டுகிற பாலாடையில் பல் பட்டுச் சத்தம் கேட்டதும் அம்மா பால் கொடுப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். அதையும் சொல்லி அனுப்பினாள். "மொதப் பல்லு மொதப் பல்லுதான்" என்று பதில் வந்தது.

இதையெல்லாம் அம்மா எனக்கு அழாமல்தான் சொல்வாள். புளிக்குழம்புக்கு என்னென்ன போடவேண்டும் என்று சொல்வதைப்போல வரிசையாகச் சொல்வாள். நானும் அப்படியேதான் கேட்டுக்கொள்வேன்.

ஐம்பதுகளின் நடுவில் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்டனூர்க்காரர் யார் வீட்டுக்கு வந்தாலும் அம்மா என்னைப் பார்த்து, "வாய மூடு" என்பாள். நான் உதட்டை மூடி, அதன்மேல் கையையும் வைத்துக்கொள்வேன். வந்தவர் அங்கே போய், பிள்ளை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது என்று சொல்லிவிடக் கூடாது. நாளாவட்டத்தில் அம்மா சொல்லவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. கண்டனூர் என்ற பேச்சு காதில் விழுந்தாலே கை வாய்க்குப் போய்விடும். வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் கேட்டாள், "ஏண்டி, ஒனக்குப் பல்லு நாறுதா?" என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது சுலபமாக இருந்தது.

பால்பல் விழ ஆரம்பித்தது. கீழே இரண்டு விழுந்தபோது அம்மா கண்டுகொள்ளவில்லை. மேல் முன்பல் ஆடத் தொடங்கியதும் தினமும் காலையில் என்னை வாசல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு, "இங்குட்டு வா, ஆ காட்டு" என்று அசைத்துப் பார்ப்பாள். ஒரு நாள் பொரியுருண்டையைக் கடிக்கும்போது அது கையோடு வந்துவிட்டது. அம்மா அதைக் கழுவி முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றைக்கே என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அவள் மனதில் ஒரு கணக்கு இருந்தது. எந்தப் பல்லால் தம்பி பயந்தானோ அந்தப் பல் விழுந்துவிட்டது. இனிப் பயம் என்ன? கண்டனூரில் இறங்கியதும் என்னை ஒரு பெட்டிக்கடைப் பலகையில் உட்காரவைத்துவிட்டு அவள் மட்டும் போனாள். தெருவின் இரண்டு பக்கமும் பெரிய பெரிய வீடுகள், எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஏதாவது கல்யாணம் என்றால்தான் திறப்பார்கள். அந்தக் கதவுகளில் எதை மாமா செய்திருப்பார் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் ஒரு மிட்டாய் கொடுத்தார். வாயைத் திறக்கக் கூடாது என்பதால் கையிலேயே வைத்திருந்தேன், அது உருகிப் பிசுபிசுத்துவிட்டது.

அம்மா திரும்பி வந்தபோது கையில் ஒரு தூக்குச்சட்டி நிறைய அதிரசம் இருந்தது. முந்தானையில் பல் அப்படியே இருந்தது.

பஸ்ஸில் சொன்னாள். மாமா பல்லைப் பார்க்காமல் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாராம். அத்தைதான் பேசினாளாம். "நீங்க சொல்றீக சரி மதினி. விழுந்த எடத்துல இன்னொண்ணு மொளைக்கும்ல?"

அம்மா அதிரசச் சட்டியை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டாளாம். வீட்டுக்கு வந்து பல்லைச் சாணி உருண்டையில் வைத்து என் கையில் கொடுத்தாள். நான் ஓட்டுமேல் வீசினேன். கூரையில் உருண்டு எங்கேயோ தங்கியது. அதிரசம் நன்றாக இருந்தது, அதையும் சொல்லவேண்டும்.

அத்தை கேட்டது நியாயமான கேள்வி. பிற்பாடு நான் விலங்கியல் படித்து, பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிற டீச்சரானேன். வருஷா வருஷம் பற்கள் பாடம் வரும். கரும்பலகையில் தாடையை வரைந்து, பால்பல்லுக்கு அடியில் நிரந்தரப் பல்லை வரையும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் காதில் விழும். பால்பல் விழுந்த பிறகு புதுப் பல் உண்டாவதில்லை. அது முன்பே அங்கே இருக்கிறது. குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே பால்பல்லின் காலடியில் எலும்புக்குள் மெதுவாக உருவாகிக்கொண்டிருக்கிறது. நேரம் வரும்போது மேலே இருக்கிற பல்லின் வேரைக் கரையவைத்துக்கொண்டு ஏறி வருகிறது. அதனால்தான் விழுகிற பால்பல்லுக்கு வேர் இருப்பதில்லை, மொட்டையாக இருக்கிறது.

பால்பல்லும் அப்படித்தான். தாயின் வயிற்றில் குழந்தைக்கு முகம் என்று ஒன்று முழுதாக அமையும் முன்பே பல்லின் மொட்டுகள் தாடையில் வைக்கப்பட்டுவிடுகின்றன. எது முந்தி, எது பிந்தி என்பது பெரும்பாலும் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. சில குழந்தைக்கு மேலே முந்தும், சில குழந்தைக்குக் கீழே முந்தும். குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருந்தால் அதுவும் இறங்கிவரும். இதில் எந்த மாமனுடைய ஆயுளும் கலந்திருக்கவில்லை.

பல் ஏன் முளைக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேர் வளர்ந்து கீழிருந்து தள்ளுகிறது என்றுதான் நானும் முதலில் சொல்லிக்கொடுத்தேன். அது முழு உண்மை இல்லை என்று பின்னால் படித்தேன். வேர் சரியாக வளராத பல்லும் வெளியே வந்துவிடுகிறது. பல்லைச் சுற்றி ஒரு பை இருக்கிறது. அந்தப் பைதான் மேலே இருக்கிற எலும்பைக் கரைத்து வழி விடச் செய்கிறது, கீழே எலும்பை நிரப்பச் செய்கிறது. முழுக் காரணமும் இதுதான் என்று அடித்துச் சொல்ல இன்னும் ஆளில்லை. எனக்கு இது ஒருவகையில் பிடித்திருந்தது. ஒன்றும் தெரியாமல் எல்லாம் தெரிந்ததாகப் பேசியவர்களையே கேட்டு வளர்ந்தவள் நான்.

மாமாவை நான் முகம் பார்க்கவில்லையே தவிர, இரண்டு தடவை பக்கத்தில் இருந்திருக்கிறேன். முதல் தடவை காரைக்குடி பஸ் ஸ்டாண்டில். அம்மாவோடு நின்றிருந்தேன். எதிரே நின்ற பஸ்ஸின் ஜன்னலைப் பார்த்து அம்மா ஒரு எட்டு முன்னால் வைத்தாள். ஜன்னலோரம் இருந்த ஆள் தோளிலிருந்த துண்டை எடுத்து, தூங்குபவர்போல முகத்தில் போட்டுக்கொண்டார். நான் பார்த்தது பச்சைக் கரை போட்ட ஒரு துண்டைத்தான். வாய் இருக்கிற இடத்தில் துணி உள்ளே போய் வெளியே வந்தது. பஸ் கிளம்பிப் போனது. "யாரும்மா?" என்று கேட்டேன். "யாரோ" என்றாள். எனக்குத் தெரியும். அவளுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும்.

இரண்டாவது தடவை நான் பெரிய மனுஷி ஆனபோது. தாய்மாமன் வந்து பச்சை ஓலை வெட்டிக் குச்சுக் கட்டவேண்டும். அதில்தான் பெண்ணை உட்காரவைப்பார்கள். வேறு யார் கட்டினாலும் அது குச்சாகாது. அம்மா இதற்கு மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மாமாவும் மாட்டேன் என்று சொல்லவில்லை. என்னை வீட்டுக்குள் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். மாமா சந்து வழியாகக் கொல்லைப்பக்கம் வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஓலை கிழிகிற சத்தமும் குச்சி வெட்டுகிற சத்தமும் கேட்டன.

"அக்கா, கயிறு இம்புட்டுத்தான் இருக்கா?"

"இருக்குடா. அங்குட்டு மாடத்துல பாரு. சாப்டியா?"

"சாப்ட்டேன்."

"பொய் சொல்லாத. இட்லி வச்சிருக்கேன், தின்னுட்டுப் போ."

அவர் குரலை அன்றுதான் கேட்டேன். கொஞ்சம் கரகரப்பாக, சாதாரணமாக இருந்தது. வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு பேசுகிற தச்சர்களின் பேச்சு மாதிரி வார்த்தைகள் ஓரமாக வந்தன. இட்லி தின்றார், கை கழுவினார், போய்விட்டார். அதன் பிறகு கதவைத் திறந்து என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அவர் கட்டிய குச்சுக்குள் உட்காரவைத்தார்கள்.

சடங்கு முடிகிற வரை அதற்குள்தான் இருந்தேன். வேறு வேலை இல்லாததால் முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓலைக்குச்சு என்றால் எல்லாரும் ஏனோதானோ என்று கட்டுவார்கள், பிறகு எரித்துவிடப் போவதுதானே. இது அப்படி இல்லை. ஒவ்வொரு மூட்டும் இழுத்து இறுக்கி, நுனியை மடித்து உள்ளே செருகியிருந்தது. இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டுகிறவர் ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம் என்று தோன்றியது. கோபம் வந்தது. அப்புறம் அதுவும் போய்விட்டது, தலைக்கு எண்ணெய் வைக்க ஆள் வந்துவிட்டார்கள்.

கல்லூரி முடிகிற சமயத்தில் என் மேல் முன்பல் ஒன்று நகரத் தொடங்கியது. முதலில் எனக்குத் தெரியவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மாள், "ஒரு பல்லு மட்டும் ஏறியிருக்குல்ல?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்ட பிறகுதான் கண்ணாடியில் பார்த்தேன். இடது பல் வலது பல்லின் மேல் லேசாகச் சாய்ந்திருந்தது. அதுவரை நேராகத்தான் இருந்தது. அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. வேறு எதற்காகவோகூட நின்றிருக்கலாம்.

அப்பா என்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் பார்த்துவிட்டு, இதற்கு மதுரைக்குப் போய்க் கம்பி கட்டவேண்டும், கட்டினாலும் அவிழ்த்த பிறகு மறுபடி நகரலாம் என்றார்.

"முளைச்சு முடிஞ்ச பல்லு எப்படி நகரும்?" என்று அப்பா கேட்டார். அவருக்கு அது தொழில்முறைக் கேள்வி. அடித்த ஆணி நகரக் கூடாது.

பல் ஆணி மாதிரி அடித்து வைத்ததில்லை என்றார் டாக்டர். எலும்புக் குழிக்குள் சின்னச் சின்ன நார்களால் கட்டித் தொங்குகிறது, கயிற்றுக் கட்டில்போல. மெல்லும்போது அமுங்கும், விட்டால் எழும்பும். ஒரு பக்கம் கொஞ்சமாக அழுத்தம் வந்துகொண்டே இருந்தால் அந்தப் பக்கத்து எலும்பு கரையும், மறுபக்கம் புதிதாக எலும்பு படியும், பல் நகர்ந்துவிடும். அது முளைத்து முடிந்தது என்று ஒரு நாள் கிடையாது. தேய்ந்தால் தேய்ந்த அளவுக்கு ஏறும். பக்கத்துப் பல் போனால் அந்த இடத்துக்குச் சாயும். எதிர்ப்பல் போய்விட்டால் முட்டுக் கொடுக்க ஆளில்லாமல் நீண்டு இறங்கிவரும். கிழவர்கள் சிலருக்கு ஒற்றைப் பல் நீளமாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அது இதுதான் என்றார்.

அப்பா, "நாளாக நாளாக மரக்கதவு எறங்குற மாதிரி" என்று சொல்லிவிட்டு எழுந்தார். கம்பி கட்டவில்லை. அதற்கடுத்த வருஷம் எனக்குக் கல்யாணமாயிற்று. மாமாவின் சீர் வண்டியில் வந்தது. மாமா வரவில்லை.

என் மகன் காரைக்குடி ஆஸ்பத்திரியில் பிறந்தான். எழுபதுகளின் நடுவில். பிறந்த மறுநாள் மத்தியானம் அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கட்டிலில் படுத்திருந்தேன். அவன் கொட்டாவி விட்டான். அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது.

"என்னம்மா?" என்றேன்.

நான் எட்டிப் பார்த்தேன். மேல் ஈறில் வெள்ளையாக ஒன்று. நொய்க் குருணை.

எனக்கு ஒரு தம்பி உண்டு. சிவகங்கையில் வேலை. மருமகனைப் பார்க்கச் சாயங்காலப் பஸ்ஸில் வருவதாக இருந்தான். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன், அவனை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் நான். அம்மா என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் வாயை முந்தானையால் மெதுவாக மூடினாள். மூச்சுக்கு இடம் விட்டுத்தான் மூடினாள். "அவன வர வேணாம்னு சொல்லிரலாமா?" என்றாள். "பிள்ளைக்குச் சளின்னு சொல்லுவோம்."

எனக்குப் பயம் வரவில்லை. துக்கமும் வரவில்லை. சரி, இனி இவன் வாயை மூடப் பழக்கவேண்டும் என்று மட்டும் நினைத்தேன். அறிவியல் டீச்சர் நினைத்தது அது. தாடைப் படத்தை வருஷா வருஷம் வரைந்த கை போர்வைக்குள் சும்மா கிடந்தது.

அந்த நேரத்தில்தான் லேடி டாக்டர் சுற்றி வந்தார். குழந்தையை எடுத்துப் பார்த்தார். முந்தானையை விலக்கி, "ஏன் வாயை மூடி வச்சிருக்கீங்க?" என்றார்.

"பல்லு," என்றாள் அம்மா.

டாக்டர் ஈறை விரலால் தடவினார். "இது பல் இல்லம்மா. பல் உருவாகுறப்போ மிஞ்சிப்போன தோல் கொஞ்சம் உள்ளயே தங்கி, முத்து மாதிரி உருண்டு நிக்கும். நிறையக் குழந்தைக்கு இருக்கும். சில வாரத்துல தானே உதிர்ந்து போயிரும். ஒண்ணும் பண்ண வேணாம்."

"போன பெறகு தடம் இருக்குமா?"

"ஒண்ணும் இருக்காது. இருந்துச்சுன்னு சொன்னாக்கூட யாரும் நம்ப மாட்டாங்க."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அம்மா பிள்ளையை மறுபடி மடியில் போட்டுக்கொண்டாள். என் வாயில் இருந்ததும் பல் இல்லை. உள்ளே போனதாகச் சொன்ன பல் உள்ளே போகவில்லை. அது இருக்கவே இல்லை. என் பாடப்புத்தகத்தில் அந்த முத்தைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. மாமா துடைத்துப் பார்த்தாரே, இன்னும் சில வாரம் பொறுத்துத் துடைத்திருந்தால் வந்திருக்கும்.

சாயங்காலம் தம்பி வந்தான். அம்மா பிள்ளையைத் தூக்கி, இரண்டு விரலால் அதன் மேலுதட்டை உயர்த்தினாள். "பாருடா. இந்தா வெள்ளையா இருக்குல்ல? நல்லாப் பாத்துக்க," என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பார்த்தான். "தயிர் ஏதும் குடுத்தீகளா?" என்று கேட்டான். அம்மா அவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டுச் சிரித்தாள். நான் அவள் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

பிள்ளையின் முத்து உதிர்ந்த பிறகு அம்மா கண்டனூருக்குப் போனாள். நான் போகவில்லை. பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டிருந்தேன் என்று காரணம் சொல்லலாம். திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, அதன் பிறகுதான் உட்கார்ந்தாள்.

"சொன்னேன். டாக்டர் சொன்னதுல ஒரு வார்த்த விடாமச் சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

"எல்லாங் கேட்டுக்கிட்டான். அப்புறம் சொல்றான், 'நான் பாக்காம இருந்ததுனாலதானக்கா இன்னைக்கு ஒன் முன்னால உக்காந்து பேசிக்கிட்டு இருக்கேன்' அப்படீங்கான்."

இதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? அவர் உயிரோடு இருப்பதே அவருக்கு அத்தாட்சி. எனக்கு ஆத்திரம் வந்தது. பிள்ளை சிணுங்கியதால் அதை அடக்கிக்கொண்டேன்.

"சொல்லிட்டுச் சிரிச்சான்," என்றாள் அம்மா. "வெக்கத்துல சிரிச்சான். அப்பத்தான் பாத்தேன். ஆணியக் கவ்விக் கவ்விக் கீழ முன்பல்லு பூராப் போயிருச்சு. மேல ரெண்டு மட்டும் நீளமா எறங்கி நிக்கிது." கொஞ்சம் நிறுத்தினாள். "சின்ன வயசுல அவனுக்குப் பல்லு தச்சு வச்ச மாதிரி நேரா இருக்கும். நாந்தான் வெளக்கி விட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? இப்ப எடது பல்லு வலது பல்லு மேல ஏறி நிக்கிது. ஒன்னுது மாதிரியே, ஆத்தா. அச்சு அசல் ஒன் பல்லு."

நான் நாக்கால் என் பல்லைத் தொட்டுப் பார்த்தேன். எந்தப் பல்லுக்குப் பயந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டாரோ அந்தப் பல்லை அவரே வைத்துக்கொண்டிருக்கிறார். அதைப் போய் அவரிடம் யார் சொல்வது என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அம்மா எழுந்து உலை வைத்தாள்.

அந்தப் பத்து வருஷம் முடிவதற்குள் மாமா போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. செய்தி வந்ததும் அம்மா என்னைப் பார்த்து, "கெளம்பு" என்றாள். நான் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பெட்டிக்கடையைத் தாண்டி அந்தத் தெருவுக்குள் முதல் தடவையாக நடந்தேன்.

வாசலில் கூட்டம். நான் படியில் கால் வைக்காமல் நின்றுவிட்டேன். யாரும் தடுக்கவில்லை, காலுக்குத்தான் பழக்கமில்லை. உள்ளிருந்து அத்தை பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவளையும் நான் அன்றுதான் பார்க்கிறேன், ஒல்லியான, சாதாரண ஒரு மனுஷி. எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"வா ஆத்தா," என்றாள். "இனி என்ன."

உள்ளே போனேன். மாமா கிடந்தார். நெற்றி அம்மாவுடையது, மூக்கும் அம்மாவுடையது. வாய் திறந்துவிடாமல் இருக்கத் தாடையோடு சேர்த்து உச்சந்தலையில் வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். உதடு இறுக மூடியிருந்தது. பல் தெரியவில்லை.

"நல்லாப் பாத்துக்க," என்றாள் அம்மா பின்னாலிருந்து.

பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கை தானாக முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டது. மாமா எதிரில் பல் தெரியக் கூடாது. கையை எடுக்கவேண்டும் என்று நினைத்தேன், அது வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் நான் அழுகிறேன் என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டார்கள்.